இறவாரத்து நிழல் இடம் மாறிய கதை

கோபிசெட்டிபாளையம் பக்கம், கிழக்குப் பார்த்த ஐந்து ஓட்டு வீடுகளை நீர்வண்ணத்தில் வரைந்தேன். காலை 8 மணிக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது 11 ஆகிவிட்டது. எட்ட வைத்துப் பார்த்தால், வீடுகள் ஒரே தெருவில் இருப்பதாகவே தெரியவில்லை. முதல் சுவரில் இறவாரத்து (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) நிழல் ஒரு சாண். கடைசிச் சுவரில் அது ஜன்னலையே விழுங்கியிருந்தது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது, நான் மறந்துவிட்டேன்!

கடைசி இரண்டு வீடுகளின் நிழலை ஈரத் தூரிகையால் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுத்தேன். தாளின் ஓரத்தில் 8 மணி வெயிலுக்கு ஓர் அம்புக்குறி போட்டு, அதன்படியே நிழல்களைத் திரும்ப வரைந்தேன். நிழலுக்குக் கறுப்பைத் தொடவில்லை, அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தேன். செம்மண் தெரு வெயிலை மேலே எறிவதால், இறவாரத்தின் அடிப்பக்கம் மட்டும் லேசாகச் சிவந்திருக்கிறது. மூன்றாம் வீட்டுக் கதவு இன்னும் கோணல்தான்.