மேட்ச் பாக்கப் போறப்ப வாண்டுக்கு ஓவருக்கு ஒரு பொட்டலம்

காரைக்குடி பக்கம் டென்னிஸ் பால் கிரிக்கெட் மேட்ச் பாக்க ரெண்டு மூணு வயசு வாண்டையும் தூக்கிட்டுப் போறீங்கன்னா தின்பண்டத்த ஒரே டப்பாவா கையில குடுத்துடாதீங்க, கொஞ்சம் பொரி, ஒடிச்ச தேன்குழல், பிச்சுப் போட்ட கந்தரப்பம்னு தனித்தனியா பழைய கைக்குட்டையில லூசா முடிச்சு போட்டு வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஓவர் முடியறப்பவும் ஒண்ணே ஒண்ணு எடுத்து நீட்டுங்க.

"செத்த இரு"ன்னா அந்த வயசுக்குப் புரியாது, ஆனா ஆறு பந்து முடிஞ்சா பொட்டலம்னா புரியும், கூடவே விரல் விட்டு எண்ணவும் ஆரம்பிச்சிரும் (நாலுக்கப்புறம் ஏழுன்னு சொல்லும், விட்ருங்க). முடிச்ச அவுக்கறதுலயே பாதி ஓவர் ஓடிரும், பெரியவங்க நிம்மதியா மேட்ச் பாக்கலாம்.

ஒன்றரை வயசுக்குக் கீழன்னா இது வேலைக்காகாது. தூங்குற நேரத்தத் தாண்டின நைட் மேட்சுக்கும் அப்படித்தான், எத்தன பொட்டலம் பிரிச்சாலும் அழுகைதான். சீடை, முழுக்கடலை மட்டும் கட்டவே கட்டாதீங்க, தொண்டையில சிக்கிக்கும். அப்புறம் இத நம்பி சிராவயல் மஞ்சுவிரட்டுக்கெல்லாம் தூக்கிட்டுப் போயிராதீங்க, அங்க அவுத்து விட்ட மாடு பொட்டல்வெளியில எந்தப் பக்கம் ஓடி வரும்னே சொல்ல முடியாது.