மாஸ் சண்டைக் காட்சியைக் குறும்படத்தில் எடுப்பது எப்படி?

பத்துப் பேர் பறப்பார்கள், ஹீரோவின் சட்டை மடிப்புகூடக் கலைந்திருக்காது. இதெல்லாம் நடக்காது என்று தியேட்டரில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் விசில் பறக்கிறது என்றால், அதற்கான வேலை அடி விழுவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று அர்த்தம். 1995-இல் வந்த ‘பாட்ஷா’வில் ஆட்டோக்காரர் மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பார்கள்; அப்போதும் அவர் பொறுத்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்துப் பல்லைக் கடித்த ரசிகனுக்கு, பிறகு அவர் திருப்பி அடிக்கும்போது எவ்வளவு மிகையும் மிகையாகத் தெரிவதில்லை.

ஆகவே மூன்று நிமிடச் சண்டை என்றால் முதல் ஒரு நிமிடத்தில் ஹீரோ யாரையும் தொடக்கூடாது. வில்லன் வம்பு செய்வது ஹீரோவிடம் இருக்கக்கூடாது. திருப்பி அடிக்க முடியாத ஒருவரிடம் இருக்க வேண்டும். டீக்கடைப் பெரியவரின் கிளாஸைத் தட்டிவிடுவது போதும். ஹீரோ நடந்து வருவதை நாலு ஆங்கிளில் எடுப்பதைவிட, அவரைப் பார்க்கும் அடியாளின் முகம் மாறுவதை ஒரே குளோசப்பில் எடுங்கள். பில்டப் அங்கேதான் ஏறும்.

கம்போஸிங் (சண்டையை அமைப்பது)

ஐந்து அடியாட்கள், மொத்தம் பன்னிரண்டு முதல் பதினைந்து மூவ். அதற்கு மேல் போனால் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரியாது. மிகையைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் ஆள் நின்ற இடத்திலேயே சரியட்டும், அடுத்தவன் இரண்டடி தள்ளாடட்டும், மூன்றாவது ஆள் பெஞ்சின் மேல் விழட்டும். கடைசி ஆள் மட்டும் பறக்கலாம். முதல் ஆளையே சுவரில் அடித்துவிட்டால் மற்ற நாலு பேருக்கும் உங்களிடம் சரக்கு இருக்காது.

‘ஏன் ஒவ்வொருத்தனா வர்றான்?’ என்ற கேலி வரத்தான் செய்யும். சும்மா நிற்பவனுக்கு ஒரு வேலை கொடுத்தால் அது அடங்கிவிடும். ஒருவன் விழுந்து எழுந்துகொண்டிருக்கட்டும், இன்னொருவன் கட்டையைத் தேடட்டும், மற்றொருவனுக்கு நடுவில் ஒரு பைக் குறுக்கே நிற்கட்டும்.

முதல் ரிஹர்சல் பாதி வேகத்தில், எண்ணிக்கை சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். அதைச் செல்போனில் பிடித்துப் போட்டுப் பார்த்த பிறகே வேகம் கூட்டுங்கள்.

கேமரா

குத்துக்கும் முகத்துக்கும் நடுவில் ஓர் அடி இடைவெளி இருந்தாக வேண்டும். அதை மறைப்பது கேமராவின் பொறுப்பு. அடி வாங்குபவரின் தோளுக்குப் பின்னாலோ அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ கேமராவை வையுங்கள். கை ஃபிரேமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு முகத்தைக் கடந்து போகட்டும். பக்கவாட்டில் வைத்தால் இடைவெளி பளிச்சென்று தெரிந்துவிடும். 85 எம்.எம். லென்ஸ் இடைவெளியைச் சுருக்கிக் காட்டும். கை முகத்தைத் தாண்டும் அதே நொடியில் வாங்குபவர் தலையைத் திருப்ப வேண்டும். பெரும்பாலான டேக்குகள் கெட்டுப்போவது அடிப்பவரால் அல்ல, இவர் தாமதிப்பதால்தான்.

ஸ்லோமோஷனில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: குத்து படும் கணத்தையே மெதுவாக்கிவிடுவார்கள். இடைவெளி அங்கேதான் அம்பலமாகும். கை ஓங்கும்போது மெதுவாக, படும்போது முழு வேகத்தில், அவன் விழும்போது மறுபடி மெதுவாக என்று வையுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடும் படத்தில் 48-இல் எடுத்தால் வேகம் பாதி, 120-இல் எடுத்தால் ஐந்தில் ஒன்று. ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் 1/48 நொடியிலிருந்து 1/240 நொடிக்குப் போவதால் வெளிச்சமும் ஐந்தில் ஒன்றாகிவிடும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டிலும் மலிவான எல்.இ.டி.யிலும் 120 ஃபிரேமில் எடுத்தால் வெளிச்சம் துடிக்கும். வெயிலில் எடுப்பதே நல்லது. உள்ளே எடுத்தே தீர வேண்டுமென்றால் 100 ஃபிரேம், 1/100 ஷட்டர்.

சாதாரண வேகத்தில் வரும் குத்துகளை எடிட்டிங்கில் 109 சதவீத வேகத்துக்கு ஏற்றுங்கள். 22 ஃபிரேமில் எடுத்த மாதிரி விறுவிறுப்பு வரும். 130-ஐத் தாண்டினால் காமெடி சீன் ஆகிவிடும்.

உடையும் பொருள்கள்

நிஜக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், சர்க்கரைப் பாகில் செய்த போலிக் கண்ணாடி போதும். 800 கிராம் சர்க்கரை, 400 மில்லி தண்ணீர், 250 மில்லி லிக்விட் குளுக்கோஸ் சேர்த்து 150 டிகிரி செல்சியஸ் வரும்வரை கொதிக்கவிட்டு, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்: சூடு குறைந்தால் ஜவ்வு மாதிரி வளையும், கூடினால் பழுப்பாகிவிடும். அந்தப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். சென்னை மாதிரி கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே பிசுபிசுக்கும் என்பதால் அன்றன்றைக்கே செய்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். இதன் விளிம்பும் கிழிக்கும். கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

புழுதிக்கு முல்தானி மட்டி நன்றாக வேலை செய்யும். விழுபவரின் சட்டை முதுகில் முன்பே தட்டி வைத்தால், விழும்போது தானாகக் கிளம்பும். மைதா மாவு ஆபத்து. காற்றில் பரவிய மாவு நெருப்பு பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

எதைத் தொடக்கூடாது

ரோப் (ஆளைக் கட்டித் தூக்கும் கயிறு), நெருப்பு, ஓடும் வண்டி, உயரம், தண்ணீர் ஐந்தையும் ஸ்டண்ட் மாஸ்டர் இல்லாமல் செய்யாதீர்கள். 2016-இல் பெங்களூரு அருகே ஒரு கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து ஏரியில் குதித்த இரண்டு நடிகர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மூழ்கி இறந்துபோனார்கள். பறப்பதை ரோப் இல்லாமலே காட்டலாம். அடி வாங்குபவர் தானாகப் பின்னால் எம்பும் ஷாட் ஒன்று, ஓர் அடி கனமுள்ள ஃபோம் மெத்தையில் விழும் ஷாட் ஒன்று, மெத்தையை ஃபிரேமுக்கு வெளியே வைத்து எடுங்கள். இரண்டையும் சேர்க்கும் இடத்தில் மூன்று ஃபிரேமை வெட்டினால் வீச்சு கூடும்.

சத்தம்

படத்தில் பாதிப் பலம் இதில்தான். ஈரத் துண்டால் தோல் பையில் அறைந்தால் குத்துச் சத்தம். கேரட்டை உடைத்தால் எலும்பு முறியும் சத்தம். கை காற்றைக் கிழிக்கும் ‘விஷ்’ஷை அடிக்கு நாலைந்து ஃபிரேம் முன்பே தொடங்குங்கள். கடைசிப் பெரிய அடிக்கு முன் பின்னணி இசையை அரை நொடி முழுக்க நிறுத்துங்கள். முடித்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் செல்போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் ‘தும்’ என்ற அடிச்சத்தம் கேட்கவே கேட்காது. அதன் மேல் ‘பளார்’ என்று ஒரு சத்தம் ஏற்றினால்தான் குத்து குத்தாகக் கேட்கும்.