ஆபரேஷனுக்குப் பிறகு நாலு கரண்டிச் சாப்பாடு: அதில் 60 கிராம் புரதம் எப்படி?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும். பெரும்பாலும் அதில் "தினமும் 60 முதல் 80 கிராம் புரதம்" என்று எழுதியிருக்கும். தட்டில் விழுவதோ நாலு கரண்டிச் சாப்பாடு. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று, நம் வீட்டுச் சமையலை வைத்தே பார்க்கலாம்.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் ஸ்லீவ் என்ற வகையைச் செய்தவர்களுக்கு இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு ஒடுக்கமான குழாய். இரைப்பை பைபாஸ் (இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலோடு இணைப்பது) செய்தவர்களுக்கு மேலே விடப்படும் பையின் கொள்ளளவு தொடக்கத்தில் சுமார் 30 மி.லி.தான், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அதற்குள் முதலில் எது போகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எடை வேகமாக இறங்கும் மாதங்களில் புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், காயம் ஆறத் தாமதமாகும், எழுந்து நடக்கவே சோர்வாக இருக்கும். மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்டுவது நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் வருவதுதான். ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் அது கூடும், நீளும்.

படி 1: உங்களுக்கான அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

60 கிராம் என்பது பொதுவான குறைந்தபட்சக் கணக்கு. உயரம், நடந்த அறுவை சிகிச்சை, சிறுநீரகத்தின் நிலை இவற்றைப் பார்த்து டயட்டீஷியன் வேறு அளவு சொல்லலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கைப் பின்பற்றவே கூடாது.

புதிதாகத் தொடங்குகிற பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 60 கிராம் புரதம் என்றால் 60 கிராம் கோழி அல்ல. வெந்த கோழிக்கறி 100 கிராமில் புரதம் 30 கிராம்தான். மற்றது தண்ணீரும் கொழுப்பும்.

படி 2: ஒரு சின்னத் தராசும் ஒரு சின்னக் கிண்ணமும்

சமையலறைக்கான டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். வாழ்நாள் முழுக்க நிறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சில வாரங்களில் கண்ணுக்கே அளவு பழகிவிடும். பெரிய தட்டைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, குழந்தைக்கு ஊட்டும் கிண்ணத்தையும் டீஸ்பூனையும் கீழே இறக்குங்கள்.

நம் வீட்டுப் பொருள்களில் எவ்வளவு புரதம் தேறும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு:

- முழு முட்டை ஒன்று: 6 கிராம். வெள்ளைக்கரு மட்டும் என்றால் மூன்றரை.
- பால் 200 மி.லி.: ஆறரை
- வெந்த மீன் 60 கிராம்: 12 முதல் 13
- வெந்த கோழிக் கொத்துக்கறி 60 கிராம்: 15 போல
- பனீர் 60 கிராம்: 11
- கெட்டியாக வேகவைத்த பருப்பு 100 கிராம்: 7
- சோயா உருண்டை, ஊறவைக்கும் முன் 15 கிராம்: 7 முதல் 8
- இட்லி ஒன்று: 2
- சோறு 100 கிராம்: இரண்டரை

கடைசி இரண்டு வரிகளை இன்னொரு முறை பாருங்கள். நம் சாப்பாட்டின் நடுநாயகமே இந்தப் பட்டியலின் அடியில்தான் கிடக்கிறது.

படி 3: சாப்பாட்டு வரிசையை மாற்றுங்கள்

முதலில் சாம்பார் சாதம், அப்புறம் ரசம், கடைசியில் மோர், நடுநடுவே கூட்டும் பொரியலும் தொட்டுக்கொள்ள. இப்படித்தான் நாம் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம். ஆபரேஷனுக்குப் பிறகு இந்த வரிசை உதவாது. மூன்று வாய் சோற்றிலேயே வயிறு நிரம்பிவிட்டால் தொடுகறிக்கு இடமே இருக்காது. இனி தொடுகறிதான் சாப்பாடு. முட்டை, மீன், பனீர், கெட்டிப் பருப்பு இவற்றில் ஒன்றைத்தான் முதல் வாயில் வைக்க வேண்டும். அது முடிந்த பிறகு காய். அதற்குப் பிறகும் இடம் இருந்தால் ஒரு கரண்டிச் சோறு. இல்லையென்றால் சோறு இல்லை, அவ்வளவுதான்.

"ஒரு பிடி சோறுகூட இல்லாம எப்படித் தெம்பு வரும்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். வாதாட வேண்டாம். பரிமாறுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, உங்கள் கிண்ணத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: முதல் மாதம், குடிக்கும் உணவும் மசித்த உணவும்

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம். பிறகு இரண்டு வாரம்வரை பால் போன்ற கெட்டியான திரவங்கள். மூன்றாவது, நான்காவது வாரம் மசித்த உணவு. அதன் பிறகு மென்மையானவை. மருத்துவமனைக்கு மருத்துவமனை இது மாறும். உங்களுக்குக் கொடுத்த அட்டவணைதான் முதன்மை. இங்கே சொல்வது அதற்குள் புரதத்தைக் கூட்டுவதற்கான வழி.

இந்தக் கட்டத்தில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். வீட்டில் அன்போடு கொண்டுவந்து கொடுக்கும் பானங்களில் பலவற்றில் புரதம் சொற்பம். பருப்பு வேகவைத்து வடித்த தண்ணீரில் பருப்பின் மணம் இருக்கும், புரதம் பருப்போடு பாத்திரத்திலேயே தங்கிவிடும். நீர்மோர் ஒரு டம்ளருக்கு 2 கிராம்கூடத் தேறாது. சத்து மாவுக் கஞ்சிக்கு 25 கிராம் மாவு போட்டால் 3 கிராம் வரலாம். ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்: அதில் கரைந்து வருவது பெரும்பாலும் ஜெலட்டின். உடம்புக்கு அவசியமான டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. இவற்றையெல்லாம் நீர்ச்சத்துக்காகக் குடியுங்கள். புரதக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கணக்கில் சேர்வது கெட்டிப் பால். 200 மி.லி. ஆறிய பாலில், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி (15 கிராம் அளவு) போட்டுக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். அதே டம்ளரில் ஆறரை கிராம் புரதம் 11 கிராமுக்கு மேல் ஆகிவிடும். சர்க்கரை சேர்க்காதீர்கள். ஏலக்காயோ ஒரு சிட்டிகை மஞ்சளும் மிளகும் போதும். ஒரே மூச்சில் குடிக்க முடியாது, குடிக்கவும் கூடாது. அரை மணி நேரம் வைத்துக்கொண்டு வாய் வாயாகக் குடியுங்கள். சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும், பேதியாகும். அவர்கள் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை நீக்கிய பாலுக்கு மாறலாம்.

மசித்த உணவுக் கட்டம் வந்ததும் பாசிப்பருப்பு கைகொடுக்கும். 30 கிராம் பருப்பைக் குழைய வேகவைத்து, தண்ணீரை வடிக்காமல் வற்றவிட்டு மசியுங்கள். அடுப்பில் கொதிக்கும்போதே ஒரு வெள்ளைக்கருவை அடித்து ஊற்றி, அது முழுசாக வேகும்வரை கிளறினால் 10 கிராம் புரதம் உள்ள கிண்ணம் தயார். சீரகமும் உப்பும் போதும், தாளிப்பு இப்போதைக்கு வேண்டாம். இதை ஒரே வேளையில் முடிக்க முடியாவிட்டால் பாதியை ஃப்ரிட்ஜில் வைத்து, அடுத்த வேளை நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம்.

இன்னொன்று தொங்கவிட்ட தயிர். மெல்லிய துணியில் அரை கிலோ தயிரைக் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் ஒரு வடிகட்டியின் மேல் நாலைந்து மணி நேரம் வையுங்கள். எடை பாதியாகும்போது 100 கிராமில் புரதம் 6 கிராம் அளவுக்கு வந்திருக்கும். ஊற்றித் தின்னும் தயிரில் மூன்று, மூன்றேகால்தான்.

படி 5: கெட்டி உணவுக்கு மாறும்போது ஈரம் முக்கியம்

ஜிம்முக்குப் போகிறவர்களைப் பார்த்து வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியில் தொடங்காதீர்கள். காய்ந்த கறி தொண்டைக்குக் கீழே போய் நின்றுவிடும். நெஞ்சு அடைக்கும், வாயில் எச்சில் ஊறும், கடைசியில் வாந்தி. நேற்றுச் சமைத்து இன்று சூடாக்கிய கோழி இன்னும் மோசம்.

தொடங்க ஏற்றது மீன். முள்ளில்லாமல் உதிர்த்த சுறாப் புட்டு இந்தக் கட்டத்துக்கென்றே செய்தது போல இருக்கும். எண்ணெயையும் மிளகாயையும் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். வஞ்சிரம், சங்கரா என்றால் குழம்பிலேயே வேகட்டும், வறுக்க வேண்டாம். முட்டைப் பொடிமாஸை இரண்டு கரண்டி பால் விட்டு, ஈரம் காயுமுன் இறக்குங்கள். கோழியோ ஆடோ கொத்துக்கறியாக, குழம்போடு. சைவக்காரர்களுக்குப் பனீர்ப் பொடிமாஸ். சோயா உருண்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக் கொத்துக்கறி போலச் செய்யலாம். வாயு தரும் என்பதால் இரண்டு மாதம் கழித்து, கொஞ்சமாகத் தொடங்குங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சோயாவையும் மாத்திரையையும் நேரம் விட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எதுவானாலும் சுண்டுவிரல் நகம் அளவு எடுத்து, இருபது முப்பது தடவை மென்று விழுங்குங்கள். வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். தண்ணீருக்கான நேரம் வேளைகளுக்கு நடுவில். ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும்.

படி 6: ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

மூன்றாவது மாதத்தில் உள்ள சைவக்காரர் ஒருவரின் நாள் இப்படி இருக்கலாம். காலை 7 மணிக்குப் புரதத் தூள் ஒரு ஸ்கூப் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி) தண்ணீரில், 24 கிராம். ஒன்பதரைக்குப் பனீர்ப் பொடிமாஸ் 60 கிராம், 11. மதியம் கெட்டிப் பருப்பு அரை கப், தொங்கவிட்ட தயிர் மூன்று கரண்டி, சேர்த்து 10. நாலு மணிக்குக் கெட்டிப் பால், 11. இரவு ஏழரைக்குச் சோயாக் கொத்து ஒரு சின்னக் கிண்ணம், 8. மொத்தம் 64.

அசைவம் சாப்பிடுகிறவருக்குத் தூள் பாதி ஸ்கூப் இருந்தாலே போதும். காலையில் ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளைக்கருவும், பத்தரைக்குக் கெட்டிப் பால், மதியம் மீன் 60 கிராம், நாலு மணிக்குத் தொங்கவிட்ட தயிர் 100 கிராம், இரவு கொத்துக்கறி 60 கிராம். கூட்டினால் 66 வரும்.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகச் சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது, வயிறு விடாது. அதனால் பசிக்கிறதா என்று பார்க்காமல் கைபேசியில் அலாரம் வைத்துச் சாப்பிடுங்கள். முதல் சில மாதங்கள் பலருக்குப் பசியே தெரியாது.

படி 7: தூள் வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

30 கிராம் தூளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்க வேண்டும், சர்க்கரை மிகக் குறைவாக இருக்க வேண்டும். மால்ட் கலந்த சத்துப் பானங்கள் பெரும்பாலும் இந்தத் தேர்விலேயே தோற்றுவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வே ஐசொலேட் (பாலிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த புரதம்) நல்லது, அதில் லாக்டோஸ் மிகக் குறைவு. பாலே வேண்டாம் என்றால் சோயா அல்லது பட்டாணிப் புரதம். கொலாஜன் தூளை மட்டும் நம்பாதீர்கள். ஆட்டுக்கால் சூப்புக்குச் சொன்ன அதே குறைதான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய டப்பா மலிவு என்று முதலிலேயே இரண்டு கிலோ வாங்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கின் ருசி மாறும். முன்பு பிடித்த சாக்லேட் வாசனை இப்போது குமட்டலாம்.

கொதிக்கிற பாலில் கொட்டினால் தூள் கட்டி தட்டும். கொஞ்சம் ஆறிய தண்ணீரில் குழைத்துவிட்டு, வெதுவெதுப்பான பாலில் சேருங்கள். வாசனையில்லாத தூள் என்றால் ரசத்திலும் தக்காளி சூப்பிலும்கூடக் கலக்கலாம், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு.

படி 8: வழியில் வரும் தொல்லைகள்

முறுக்கு, மிக்சர், பிஸ்கட் எல்லாம் வாயில் கரைந்து சுலபமாக இறங்கிவிடும். அதுதான் ஆபத்து. வயிறு நிறைந்த உணர்வே வராமல் கலோரி மட்டும் ஏறும், புரதம் ஏறாது. இனிப்பு இன்னொரு வகைத் தொல்லை. குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, ஒரு ஜாங்கிரி சாப்பிட்ட சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு முட்டையோ தயிரோ சாப்பிட்டுவிடுங்கள். பந்தியில் உட்கார்ந்து இரண்டு வாய் கூட்டு சாப்பிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். சரி, கேட்பார்கள். "டாக்டர் சொல்லியிருக்கார்" என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

புரதம் சரியாகப் போகிறது என்பதற்காக விட்டமின் மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி எல்லாம் தனிக் கணக்கு. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் சாப்பிடுங்கள், இரும்பு மாத்திரையோடு டீ வேண்டாம். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரை அளவுகள் எடை இறங்க இறங்க மாற வேண்டியிருக்கும். டாக்டரிடம் கேட்காமல் பழைய சீட்டையே தொடராதீர்கள்.

காய்ச்சல், விடாத வயிற்றுவலி, காரணமில்லாத நெஞ்சுப் படபடப்பு வந்தால், முதல் வாரங்களில் குறிப்பாக, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தண்ணீர்கூட நிற்காமல் ஓரிரு நாளாக வாந்தி என்றாலும் அப்படியே. தொடர் வாந்தியில் தயமின் என்ற பி1 விட்டமின் குறைந்து நரம்புகளையும் மூளையையும் பாதிக்கலாம்; அதை வீட்டில் சமாளிக்க முடியாது. கால் வீக்கமோ, படியேற முடியாத அளவுக்குத் தளர்ச்சியோ தெரிந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம், ஹீமோகுளோபின் இவற்றின் அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது நீங்கள் எழுதிவைத்த சாப்பாட்டுக் கணக்கையும் எடுத்துப் போங்கள். எந்த வேளையில் குறைகிறது என்று டயட்டீஷியன் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.