மீன்தொட்டிக்கு மரக்கட்டை: எடுப்பது முதல் இறக்குவது வரை

மீன்தொட்டிக்குள் அழகுக்காக வைக்கும் கட்டையைத் தயார் செய்வது என்றால் அவிப்பதுதான் பெரிய வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியம், அந்தக் கட்டை இதுவரை எங்கே கிடந்தது என்பது. கொதிநீரில் கிருமி சாகும், பூச்சி முட்டை சாகும். மரத்துக்குள் ஊறிப்போன களைநாசினியும் எண்ணெயும் போகாது.

கட்டையைத் தெரிவு செய்தல்

ஆவணி, புரட்டாதியில் இரணைமடு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் நீர் இறங்கும்போது கரையில் பழைய வேர்கள் வெளியே தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வயல் வாய்க்காலிலும் கழிவுநீர் வந்து சேரும் இடத்திலும் கிடப்பதைத் தொடவேண்டாம். பழைய வேலித்தூணும் வேண்டாம். கறையானுக்காகக் கழிவெண்ணெய் பூசியிருப்பார்கள். குளங்களில் முதலை உண்டு, தண்ணீருக்குள் இறங்காதீர்கள். ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி விறகுகூட எடுக்க முடியாது. கண்ணிவெடி எச்சரிக்கையாகச் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்தில் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. ஒரு கட்டைக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது வளவில் வெட்டிய கொய்யாக் கிளைதான். வைரமான மரம், வளைவும் நெளிவும் அழகு, மருந்து அடித்ததா இல்லையா என்பதும் உங்களுக்கே தெரியும். பட்டையை உரித்து, பச்சை முற்றாகப் போகும்வரை பல மாதம் காயவிடுங்கள். முறித்தால் 'டக்' என்று முறிய வேண்டும்.

தில்லை கூடவே கூடாது; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும். அலரி முழுவதும் நஞ்சு. வேம்பின் கசப்பு மீனுக்கு ஆகாது. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடி உண்டாக்கும், அதையும் விட்டுவிடுங்கள். எந்த மரம் என்று தெரியாத கட்டையை அடுப்புக்குக்கூட வைக்கவேண்டாம். அலரிப் புகையும் நஞ்சுதான்.

சுத்தம் செய்தல்

உக்கிய பகுதியைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். நகம் இறங்கினால் அது உக்கல். பொந்துகளில் மண் இருக்கும், கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். சவர்க்காரம் போடவே கூடாது, மரம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கூர்முனைகளை அரத்தால் மழுக்கிவிட்டால் மீனின் செட்டை கிழியாது.

அவித்தல்

சமையலுக்குப் பாவிக்காத பழைய கிடாரத்தில், வெளி அடுப்பில், ஒன்று இரண்டு மணித்தியாலம் கொதிக்கட்டும். நீளக் கட்டையைப் பாதி பாதியாகத் திருப்பி அவிக்கலாம். பிரஷர் குக்கர் வேண்டாம். கொதிக்கும்போது நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ மருந்து வாசம் அடித்தாலோ அந்தக் கட்டையைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அதைத் திருத்த வழியில்லை.

ஊறவைத்தல்

பிறகு வாளியிலோ வேறொரு தண்ணீர்த் தொட்டியிலோ ஊறப்போட்டு நாள்தோறும் நீர் மாற்றுங்கள். நீர் பிளேன்டீ நிறத்தில் வரும். அது மரத்திலிருந்து ஊறும் துவர்ப்புச் சாயமான டானின், மீனுக்குத் தீங்கில்லை. சண்டைமீன் அந்த நீரை விரும்பவே செய்யும். டானின் நீரைச் சற்று அமிலமாக்கும். ஆனால் கேத்திலில் வெள்ளைப் படிவு பிடிக்கிற நம் கிணற்றுக் கடினநீரில் அந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. நிறம் பிடிக்காவிட்டால் இன்னும் சில கிழமை ஊறவிடுங்கள். மிதக்கும் கட்டையும் ஊறியதும் தானே தாழும். பொறுமை இல்லையென்றால் கருங்கல்லோடு நைலோன் நூலால் கட்டலாம். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், அது வேண்டாம்.

தொட்டியில் இறக்கிய பின்

முதல் கிழமைகளில் கட்டையில் வெள்ளையாக வழுவழுப்பான படலம் படரும். பலரும் பயந்து கட்டையை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அது மரத்தில் மிச்சமுள்ள சத்தை உண்ணும் பூஞ்சையும் பற்றீரியாவும்தான். நத்தையும் இறாலும் மேய்ந்துவிடும், அல்லது தூரிகையால் துடைத்துவிடலாம். கட்டை மெதுமெதுவென்று ஆகி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மட்டும் உடனே வெளியே எடுத்து, தொட்டி நீரில் கால்வாசியை மாற்றிவிடுங்கள்.