படித்து முடித்த நாவலைப் பற்றி நேர்மையாக எழுதுவது எப்படி?

நாவலை மூடிய கையோடு "அருமையான நூல், எல்லோரும் கட்டாயம் வாசிக்க வேண்டும்" என்று எழுதிவிடலாம். அதைப் படிப்பவருக்கு அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவதா, நூலகத்தில் எடுப்பதா, விட்டுவிடுவதா என்று எதுவும் தெரியப்போவதில்லை. நல்ல அபிப்பிராயம் எழுத இலக்கியக் கோட்பாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்தக் கருத்தைச் சொன்னாலும் அது புத்தகத்தின் எந்த இடத்தில் தோன்றியது என்று காட்டத் தெரிந்தால் போதும். இடம் காட்ட முடியாத கருத்து பெரும்பாலும் பின்னட்டையிலிருந்தோ அடுத்தவர் பேச்சிலிருந்தோ ஒட்டிக்கொண்டதாக இருக்கும்.

வேலை படிக்கும்போதே தொடங்குகிறது. புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டையும் பென்சிலையும் வைத்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகம் என்றால் சீட்டில் மட்டும் எழுதுங்கள், பக்கத்தில் கோடு போட வேண்டாம். மூன்று வகைக் குறிப்பு போதும்: நிமிர்ந்து உட்கார வைத்த இடம், புரியாமல் தடுக்கிய இடம், அலுப்புத் தட்டிய இடம். பக்க எண்ணும் இரண்டு மூன்று சொற்களும் எழுதினால் சரி. 300 பக்க நாவலுக்கு இப்படி 15 முதல் 20 குறிப்புகள் தேறும். அறுபது எழுபது ஆகிவிட்டால் பிடித்த வாக்கியங்களையெல்லாம் சேகரிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். எழுத உட்காரும்போது எதை எடுப்பது என்று தெரியாமல் போகும். பெரிய குடும்பக் கதையாக இருந்தால் முதல் 50 பக்கத்துக்குள் யார் யாருக்கு என்ன முறை என்பதையும் சீட்டின் பின்புறம் எழுதிவையுங்கள். பெயரை மாற்றி எழுதிவிட்டால் நீங்கள் சொல்லும் மற்ற எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அலுப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 140ஆம் பக்கத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு நாலு நாள் தொடவில்லை என்றால், பழி நாவலின் மேலா, அந்த வார அலைச்சலின் மேலா என்று பார்க்க வேண்டும். தூக்கம் தெளிந்த ஒரு காலையில் 130ஆம் பக்கத்திலிருந்து மறுபடி படியுங்கள். அப்போதும் இழுத்தால் தொய்வு நாவலில்தான். இழுக்கவில்லை என்றால் அந்தக் குறிப்பை அடித்துவிடுங்கள்.

பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தையும் தாண்டிப் போகாதீர்கள். நாட்டுடைமையான, அதாவது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று பொதுவாக்கப்பட்ட நூல்களைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. "பொன்னியின் செல்வன்" ஒரு பதிப்பில் இருக்கும் பக்க எண் இன்னொன்றில் பொருந்தாது. இப்படிப்பட்ட நூல்களுக்குப் பாகமும் அத்தியாயமும் சொல்வதே பயன்படும். மின்னூலுக்கும் அப்படியே, எழுத்தின் அளவைக் கூட்டினால் பக்கம் நகர்ந்துவிடும். நூல் முதலில் எப்படி வெளிவந்தது என்பதும் அந்தப் பக்கத்திலோ முன்னுரையிலோ இருக்கும். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்த தொடர். அத்தியாயக் கடைசியில் வைக்கும் கொக்கியும், முன்கதையை மறுபடி ஞாபகப்படுத்துவதும் ஒரு வாரம் காத்திருந்த வாசகருக்காக எழுதப்பட்டவை. பத்தே நாளில் ஐந்து பாகத்தையும் முடிப்பவருக்கு அவை சலிக்கலாம். சலித்தது என்று தாராளமாக எழுதுங்கள், கூடவே தொடர்கதை என்ற விவரத்தையும் சொல்லிவிடுங்கள்.

முடித்த அன்றே தீர்ப்பு எழுத வேண்டாம். அன்றைக்கு மனதில் கடைசி இருபது பக்கம்தான் நிற்கும். உருக்கமான முடிவு நடுவில் இருந்த நூறு பக்கத் தொய்வை மறைத்துவிடும்; சொதப்பிய முடிவு அதற்கு முந்தைய 250 நல்ல பக்கங்களையும் கெடுத்துக் காட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல், எந்தெந்தக் காட்சி நினைவில் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அதைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் இருப்பதுதான் உங்கள் கட்டுரையின் முதல் பத்திக்கு உரியது.

இனி எழுதுவது. 300 முதல் 400 சொல் தாராளம். கதைச் சுருக்கம் அதில் கால்வாசியைத் தாண்டக் கூடாது, நாவலின் முதல் கால் பாகத்துக்கு அப்பால் நடப்பதையும் சொல்லக் கூடாது. 320 பக்க நாவல் என்றால் 80ஆம் பக்கம்தான் எல்லை. உங்கள் குறையே முடிவைப் பற்றியதுதான் என்றால், "இதற்குக் கீழே கதையின் முடிவு பேசப்படுகிறது" என்று ஒரு வரி போட்டு, இடம் விட்டு எழுதுங்கள்.

அதிகம் சறுக்குவது பொத்தாம் பொதுவான வாக்கியத்தில்தான். "பாத்திரங்கள் மனதில் நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பாத்திரம் என்று முதலில் கேளுங்கள். அண்ணன். எந்த இடத்தில்? வீட்டை விற்கும்போது. என்ன குறைகிறது? இப்போது மாற்றி எழுதுங்கள்: "அம்மா இருக்கும்போதே அண்ணன் வீட்டை விற்றுவிட்டான் என்பது 190ஆம் பக்கத்தில் தெரிகிறது. அதுவரை அவனுக்குக் கடன் இருப்பதாகவோ, வீட்டின் மேல் வெறுப்பு இருப்பதாகவோ ஒரு வரி இல்லை. கதையை நகர்த்த ஆசிரியருக்கு விற்பனை தேவைப்பட்டது, அவனுக்குத் தேவைப்படவில்லை." இதைப் படிப்பவர் உங்களோடு ஒத்துப்போகலாம், சண்டையும் போடலாம். முதல் வாக்கியத்தோடு இரண்டுமே முடியாது. பாராட்டுக்கும் இதே விதி. "நடை அழகு" என்று சொன்னால் மூன்று நான்கு வரி மேற்கோள் காட்டி, அந்த வரிகளில் என்ன நடக்கிறது என்றும் சொல்லுங்கள். மேற்கோளை எழுத்துக்கு எழுத்து புத்தகத்தைப் பார்த்தே படியெடுங்கள்.

வட்டார வழக்கில் எழுதிய நாவலுக்கு "மொழி புரியவில்லை" என்று எழுதுவது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மைதான். முதல் 30 பக்கத்தில் எத்தனை இடத்தில் நின்றீர்கள், அடுத்த 30 பக்கத்தில் எத்தனை என்று குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் காது பழகிவிடும். அப்படியானால் அதைச் சொல்வதுதான் அடுத்த வாசகருக்கு உதவி. நூலின் பின்னால் சொற்பொருள் பட்டியல் இருக்கிறதா என்றும் குறிப்பிடுங்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணின் பேச்சில் எழுதிய நாவல்களுக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்கு அகராதி கைகொடுக்கும். வேற்றுமொழிச் சொற்களையும் அவசரப்பட்டுக் குறையாக எழுதிவிடாதீர்கள். ப. சிங்காரத்தின் "புயலிலே ஒரு தோணி" இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இன்றைய இந்தோனேசியாவின் மெடானிலும் மலேசியாவின் பினாங்கிலும் நடமாடுகிறது. மலாய்ச் சொற்கள் அங்கே அந்த ஊர்ப் பேச்சாகவே வருகின்றன.

அச்சுப்பிழையை ஆசிரியர் தலையில் கட்டுவது இன்னொரு தவறு. உரையாடலில் மட்டும் ஒரு சொல் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி திரிந்து வந்தால் அது வழக்கு. கதை சொல்லும் பகுதியில் ஒரே சொல் இரண்டு விதமாக வந்தால், அல்லது ஒற்று கண்டபடி விழுந்திருந்தால், அது மெய்ப்புப் பார்த்ததில் வந்த குறை. பதிப்பைப் பற்றித் தனி வரியில் எழுதிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பு நாவல் என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாமல் எழுதாதீர்கள். நீங்கள் ரசித்த தமிழ் வாக்கியம் அவருடையது. மூலமொழியிலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்றும் பாருங்கள். தகழியின் "செம்மீன்" நாவலை சுந்தர ராமசாமி மலையாளத்திலிருந்து நேராகவே தமிழுக்குத் தந்தார். எல்லா நூலுக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை. "அவன் தன்னுடைய கைகளைத் தன்னுடைய சட்டைப்பைகளுக்குள் விட்டுக்கொண்டான்" போன்ற வரிகள் பக்கத்துக்குப் பக்கம் வந்தால், சிக்கல் கதையில் இல்லை, பெயர்ப்பில் இருக்கிறது. உதாரணம் ஒன்று கொடுத்து அப்படியே சொல்லுங்கள்.

கோபத்தில் எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பாத்திரம் சாதித் திமிரோடு பேசுகிறது, பெண்ணை இழிவாகப் பேசுகிறது. அது ஆசிரியரின் கருத்தா? வசனத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அந்தப் பேச்சுக்கு நாவலில் யாராவது, ஏதாவது பதில் சொல்கிறதா என்று தேடுங்கள்: இன்னொரு பாத்திரம், பின்னால் வரும் சம்பவம், பேசியவனுக்கே நேரும் கதி. கதை சொல்லும் குரலும் அதே தொனியில் இழிவாக வர்ணிக்கிறது, 400 பக்கத்திலும் பதில் இல்லை என்றால், தயங்காமல் எழுதுங்கள், இரண்டு இடங்களைக் காட்டுங்கள். இந்த இடத்தில் மென்று விழுங்குவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

பாதியில் விட்ட நாவலைப் பற்றியும் எழுதலாம். எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், ஏன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டமைப்பையும் முடிவையும் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஆசிரியர் நண்பர் என்றாலோ பதிப்பகம் இலவசப் பிரதி அனுப்பியிருந்தாலோ அதுவும் முதல் வரிக்கே உரியது. நட்சத்திரம் போடுவதானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளை வைத்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள்: ஐந்து என்றால் மறுபடி படிப்பேன், மூன்று என்றால் ஒருமுறை படிக்கலாம், ஒன்று என்றால் முடிக்க முடியவில்லை.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் வேறொரு நாவலுக்குப் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் அடித்துவிடுங்கள். பிறகு தலைப்பின் கீழ் நூலின் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், நீங்கள் படித்த பதிப்பின் ஆண்டு, பக்கம், விலை ஆகியவற்றைப் போடுங்கள். வெளியான பின் யாராவது தகவல் பிழையைக் காட்டினால், சத்தமில்லாமல் மாற்றாமல் "திருத்தம்" என்று தேதியோடு கீழே சேருங்கள்.