காந்தத்துக்கு ஓடிவரும் கரி

சென்னை ராயபுரத்தில் மாணவர்களுக்கு வேதியியல் செய்முறை சொல்லித் தருகிறேன். சாயக்கழிவு நீரிலிருந்து சாயத்தை உறிஞ்சும், காந்தம் இழுக்கும் கரியைச் செய்யும்போது இங்கே முதல் எதிரி கடற்காற்று. ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் புட்டி திறந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். பிறகு தராசு காட்டும் எடை பொய். இன்னொரு இரும்பு உப்பான ஃபெரஸ் சல்ஃபேட் இளம்பச்சையாக இருக்கட்டும், பழுப்பேறியதை ஒதுக்குங்கள்.

கொதிக்கவைத்து ஆற்றிய வாலைவடிநீர் 100 மில்லியில் ஃபெரிக் குளோரைடு (ஹெக்சாஹைட்ரேட்) 5.4 கிராம், ஃபெரஸ் சல்ஃபேட் (ஹெப்டாஹைட்ரேட்) 2.8 கிராம்; இரண்டும் படிகநீர் உள்ள வகை. மேக்னடைட்டுக்கு வேண்டிய ஃபெரிக், ஃபெரஸ் அயனிகளின் 2:1 விகிதம் இதுதான்; மேக்னடைட் என்பது காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு. அரைத்த, கிளர்வூட்டிய (நுண்துளைகள் பெருக்கிய) தேங்காய்ச் சிரட்டைக் கரி 5 கிராம் சேருங்கள். 70 டிகிரியில் கலக்கியபடியே, புகைக்கூண்டுக்குள் (ஆவியை வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) வைத்து, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 10 வந்ததும் நிறுத்துங்கள். கரியின் துளைகளில் மேக்னடைட் நானோ துகள்கள் படிந்திருக்கும்.

கரியே கறுப்பு என்பதால் நிறத்தை நம்ப முடியாது. குவளையின் பக்கவாட்டில் காந்தம் வையுங்கள்: தூள் முழுவதும் ஒட்டி, நீர் தெளிய வேண்டும். மிதக்கும் கறுப்பு, இரும்பு ஏறாத கரி.

இழுப்பு போதாதா? கரியைப் பாதியாக்கலாம். ஆனால் துளைகள் அடைபட்டு, சாயத்தை உறிஞ்சும் திறன் குறையும். சாயக்கழிவு நீருக்கு என்றால் நான் 5 கிராமைக் குறைக்க மாட்டேன்.

நன்றாகக் கழுவி 60 டிகிரியில் உலர்த்துங்கள். காற்றில் கடுஞ்சூடு பட்டால் மேக்னடைட், ஹேமடைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடாகிச் சிவக்கும். காந்தம் பக்கம் திரும்பாது.