புளி ஊற்றிய மீன்கறிக்கு எந்தச் சட்டி?

குமரி மாவட்டத்துச் சமையலில் புளி சேராத நாள் குறைவு. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். அதனால் மீன்கறி, ரசத்துக்கு மண்சட்டி, இல்லையென்றால் புளிப்பைத் தாங்கும் 304 தர எவர்சில்வர்.

மண்சட்டியை விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாகச் சுட்டது. சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம், இல்லையென்றால் சரியாகச் சுடவில்லை. உட்புறம் கண்ணாடிபோலப் பளபளத்தால் வாங்காதீர்கள், அந்தப் பூச்சில் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்க்கணும். வாங்கிய சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் முக்கால் சட்டி கஞ்சித்தண்ணீரைச் சிறுதீயில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, தானாக ஆறவிடுங்கள். சூட்டோடு பச்சைத்தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். கழுவ தேங்காய் நார் போதும். சோப்பை மண் உறிஞ்சி அடுத்த கறியில் கக்கும்.

இரும்புச்சட்டி மீன் பொரிக்க அருமை. புளி ஊற்றினால் கறி கறுத்து இரும்பு வாடை வரும்.

பித்தளையில் வெள்ளீயப் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால், மறுபடி பூசும்வரை அதில் புளிப்பு வேண்டாம். பூசுகிறவரிடம் காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டே கொடுங்கள்.

நான்ஸ்டிக் தேவையா என்பதே சந்தேகம். இருந்தால் வெறுமனே காயவிடாதீர்கள்; 260 டிகிரி செல்சியஸ் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். கிளற சிரட்டை அகப்பை.